பலகை வாங்கும் கை

எனக்கு இடது வலது சட்டென்று விளங்காது என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. பஸ்ஸில் கண்டக்டர் வலது பக்கம் தள்ளி நில்லுங்கள் என்றால், நான் எந்தக் கையால் சோறு சாப்பிடுகிறேன் என்று ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் நகர்வேன். பிறவியில் நான் இடதுகைக்காரி. அம்மா அதைத் திருத்தப் பார்த்தாள். தட்டை வைப்பதற்கு முன் என் இடது கையில் ஈரத்துணியைச் சுற்றி முடிந்துவிடுவாள். பாதி திருந்தியது, பாதி திருந்தவில்லை. சாப்பிடுவது, எழுதுவது, கொடுப்பது, வாங்குவது எல்லாம் வலது கைக்குப் போயின. காய் அறுப்பதும் ஊசியில் நூல் கோர்ப்பதும் யாருக்கும் தெரியாமல் இடது கையிலேயே தங்கிவிட்டன. அவசரத்தில் எந்தக் கை கிளம்பும் என்று எனக்கே தெரியாது.

பெண் பார்க்க வந்தபோது அம்மா காப்பித் தட்டை இரண்டு கையிலும் பிடித்து வரச் சொன்னாள். அதனால் தப்பித்தேன். கல்யாணமான மூன்றாம் நாள் நான் வெங்காயம் அரிவதை என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். கோபித்துக்கொள்ளவில்லை. "வெளியாளுக முன்னாடி மட்டும் வேண்டாம் புள்ள," என்றார். நானும் சரியென்று தலையாட்டினேன்.

எங்கள் வீடு கொல்லங்கோட்டிலிருந்து முதலமடைக்குப் போகிற வழியில் இருந்தது. வீட்டை ஒட்டி ஒரு ஓட்டு ஷெட். அவர் மாம்பழப் பெட்டி செய்பவர். மாசியிலிருந்து வைகாசி வரை பெட்டி வேலை. மற்ற மாதங்களில் ஜன்னல் சட்டமும் சாமி படங்களுக்குச் சட்டமும் செய்வார். எழுபதுகளின் நடுவில் ஒரு தை மாதம் கோயமுத்தூரிலிருந்து மாட்டுவண்டி அகலத்துக்கு ஒரு மெஷின் வந்து இறங்கியது. அங்கே ஒரு பட்டறையில் எதையோ பார்த்து அதே மாதிரி செய்தது. அது வந்த நாளில் இருந்து எனக்கு ஆரம்பித்த குழப்பம் முழுதாகத் தீர்ந்தது என்று இன்றைக்கும் சொல்ல முடியாது.

மெஷினைப் பொருத்த ஒரு ஃபிட்டர் கூடவே வந்தார். என் வீட்டுக்காரர் வயதுதான் இருக்கும். சுற்றி நின்றவர்களுக்கு மெஷினைத் தட்டித் தட்டிக் காட்டினார்.

"ரம்பம் ஒண்ணுதானுங்க. ஆனா வாய் ரெண்டு. மேல இருக்கிற மேசையில பலகை கிழிக்கலாம். அந்த ஆணிய உருவிப்போட்டு இந்தக் கைப்பிடியப் புடிச்சுக் கீழ அழுத்துனா, படச் சட்டத்துக்கு மூலை அறுக்கலாம். மேல அறுக்கறப்ப கீழ மூடி இருக்கோணும், ஆணி போட்டு இறுக்கி இருக்கோணும். கீழ அறுக்கறப்ப மேல தொப்பி போட்டிருக்கோணும். ரெண்டும் தொறந்து கெடந்துச்சுன்னா, நீங்க ஒண்ணப் பாத்துட்டு இருப்பீங்க, இன்னொண்ணு உங்களப் பாத்துட்டு இருக்கும்."

இன்னும் நிறையச் சொன்னார். பலகையின் கடைசி ஒரு சாண் நீளத்தை விரலால் தள்ளக்கூடாது, குச்சியால் தள்ள வேண்டும். ஸ்விட்சை அணைத்தாலும் ரம்பம் உடனே நிற்காது. பத்து எண்ணும் வரைக்கும் சுற்றும், அதற்குள் துண்டு எடுக்கக் குனியக்கூடாது. கரண்ட் போனால் முதல் வேலையாக ஸ்விட்சை அணைக்க வேண்டும், ஏனென்றால் திரும்பி வரும்போது அது சொல்லிக்கொண்டு வராது. என் வீட்டுக்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பாதி புரியாதபோது அவர் அப்படித்தான் வேகமாகத் தலையாட்டுவார்.

ஓட்டிப் பார்க்கிற நேரத்தில் ஆள் குறைந்தது. முன்னால் நின்று பலகையைத் தள்ள ஒருவர், பின்னால் நின்று வாங்க ஒருவர் வேண்டும். வாங்க வேண்டிய என் கொழுந்தன் லோடு லாரியோடு போயிருந்தான். சும்மா நின்று பிடிக்கத்தானே என்று என்னைக் கூப்பிட்டார்கள். ஃபிட்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். முந்தானையை இழுத்துச் செருகச் சொன்னார். தாலிக்கொடியை ரவிக்கைக்குள் விடச் சொன்னார். வளையலைக் கழற்றச் சொன்னதும் என் வீட்டுக்காரர் முகம் மாறியது.

"கண்ணாலமான பொம்பள வளவியக் கழட்டறதுங்களா?"

கடைசியில் வளையல்களை முழங்கை வரை ஏற்றி, மேலே துணி சுற்றிக் கட்டிக்கொண்டு நின்றேன்.

இலவம் பலகை உள்ளே போனது. ரம்பத்தின் சத்தத்தில் எனக்குப் பல் கூசியது. பலகை கிழிந்து என் பக்கம் நீட்டிக்கொண்டு வந்தபோது பயத்தில் கையை நீட்டினேன். இடது கை.

"பாருங்க!" என்று ஃபிட்டர் கத்தினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன். "அக்கா வாங்கறாங்க பாருங்க, அதான் செரி."

மெஷினை நிறுத்திவிட்டு விளக்கினார். தள்ளுகிறவருக்கு வலது பக்கம் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்துக்கும் ரம்பத்துக்கும் நடுவில் வருவதுதான் நமக்கு வேண்டிய பலகை. எதிரே நின்று வாங்குகிறவருக்கு அது இடது கைப் பக்கம் வருகிறது. இடது கையால் எடுத்தால் கை ரம்பத்தின் பக்கமே போகாது. வலது கையை நீட்டினால் ரம்பத்தைத் தாண்டித்தான் போயாக வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

"அதுக்காக நல்ல காரியத்துக்குப் பீச்சாங்கையிலயா வாங்கறது?" என்றார் என் வீட்டுக்காரர்.

"மெஷினுக்கு மருவாதி தெரியாதுங்க," என்று சொல்லிவிட்டு ஃபிட்டர் கை கழுவப் போனார்.

எனக்கு அன்றைக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஈரத்துணி கட்டி வளர்த்த கையை ஒரு வெளியூர்க்காரர் நாலு பேர் முன்னால் சரியென்று சொல்லிவிட்டார். கொழுந்தனுக்கு லாரி வேலை முடியவில்லை என்பதால் அந்தத் தை மாதம் முழுக்க நானே பின்னால் நின்றேன். சமையலைச் சீக்கிரம் முடித்துவிட்டு ஷெட்டுக்கு ஓடுவேன். எனக்கு அந்த இடம் பிடித்திருந்தது. அங்கே மட்டும் யோசிக்காமல் கை நீட்ட முடிந்தது.

ஆனால் அதையும் நிம்மதியாகச் செய்ய விடவில்லை. நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது அவர் ஒன்றும் சொல்லமாட்டார். யாராவது ஷெட்டுக்குள் கால் வைத்தால் போதும், என்னைப் பார்த்துத் தொண்டையைச் செருமுவார். கையை மாற்று என்று அர்த்தம். கட்டிய புருஷன் நீட்டுகிற பலகையைப் பெண்டாட்டி பீச்சாங்கையில் வாங்குகிறாள் என்று ஊருக்குள் பேச்சு வரக்கூடாதாம். நானும் மாற்றுவேன். ஒரு பலகைக்கு இடது, ஆள் வந்தால் வலது, போய்விட்டால் மறுபடி இடது. ஆணி கேட்டு ஒருத்தர் எட்டிப் பார்த்தபோது இரண்டு கையும் ஒன்றாகக் கிளம்பி, இரண்டும் பாதியில் நின்று, பிடிப்பார் இல்லாத பலகை குதித்து என் வீட்டுக்காரர் வயிற்றில் இடித்தது. அன்று ராத்திரி அவருக்கு எண்ணெய் தடவிக்கொண்டே, எனக்கு ஒரே கையாகச் சொல்லிவிடுங்கள் என்று கேட்டேன்.

மாசி பிறந்தது. எங்கள் பக்கத்தில் பெரிய மாந்தோப்பு வைத்திருந்த ஒருவர், தோட்டக்காரர் என்றுதான் அவரைச் சொல்வோம், அந்த வருஷம் தன் தோப்புக்கான பெட்டி முழுவதையும் எங்களிடம் செய்யச் சொல்லியிருந்தார். மெஷின் வாங்கியதே அவரை நம்பித்தான். சீசனின் முதல் பலகையைத் தோட்டக்காரர் கையில் கொடுத்துத் தொடங்குவது வழக்கம். கைரம்பத்தால் அறுத்த காலத்தில் அறுத்து முடித்து, மஞ்சள் தடவி, இரண்டு கையாலும் கொடுப்பார்கள். இந்த வருஷம் மெஷின் இருக்கிறதே, ஓடுகிற மெஷினிலிருந்து அவரே நேரடியாக வாங்கட்டும் என்று என் வீட்டுக்காரருக்கு ஆசை வந்துவிட்டது.

"ஏனுங்க, அவுரு எந்தக் கையில வாங்குவாரு?" என்று கேட்டேன்.

"எந்தக் கையிலன்னா? சோத்தாங்கையிலதான்."

"ரம்பத்துக்கு மேல போவுமே கை."

"அதுக்கு? அவுருகிட்டப் போயி பீச்சாங்கைய நீட்டுங்கன்னு நான் சொல்லோணுமா? வேற வெனையே வேண்டாம்."

"மெஷின நிறுத்திப்போட்டு எடுத்துக் குடுங்க."

"முத பலகையிலயே மெஷின நிறுத்தறதா? வாய மூடு புள்ள."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. தோட்டக்காரர் பழைய மனுஷர். அவரைப் பார்த்து இடது கையை நீட்டச் சொல்வதும் செருப்போடு கோயிலுக்குள் வரச் சொல்வதும் ஒன்றுதான். ஆனால் ஃபிட்டர் சொன்னதும் நியாயம். யார் சொல்வதைக் கேட்பது?

முதல் பலகை அறுக்கிற நாள் காலையில் ஷெட்டைச் சாணி தெளித்துக் கூட்டி வைத்திருந்தேன். தேங்காய் உடைத்தார்கள். கற்பூரம் எரிந்தது. தோட்டக்காரர் வெள்ளை வேட்டியும் தோளில் மடித்துப் போட்ட துண்டுமாக வந்து, நான் தினமும் நிற்கிற இடத்தில் நின்றார். என் வீட்டுக்காரர் கைக்கெட்டும் தூரத்தில் ஸ்விட்ச் இருந்த தூணுக்குப் பக்கத்தில் நான் ஒதுங்கி நின்றேன். என் வீட்டுக்காரர் கண்ணைக் காட்டினார். ஸ்விட்சைப் போட்டேன்.

பலகை நகர்ந்தது. தோட்டக்காரர் பயபக்தியோடு வலது கையை நீட்டினார். நீட்டியதோடு நிற்கவில்லை, சாமிப் பிரசாதம் வாங்குவதைப் போல இடது கையால் வலது முழங்கையைத் தொட்டுக்கொண்டு உடம்பை முன்னால் வளைத்தார். தோளில் இருந்த துண்டின் நுனி நழுவித் தொங்கியது.

நான் யோசித்துச் செய்தேன் என்று சொல்லமாட்டேன். "கை! கை!" என்று கத்தினேன். ஸ்விட்சை இழுத்துவிட்டேன். சத்தம் இறங்க ஆரம்பித்தது. தோட்டக்காரர் திடுக்கிட்டுக் கையைப் பின்னால் இழுத்தார். ரம்பம் மெல்ல மெல்லச் சுற்றி நின்றது. பாதி கிழிந்த பலகை மேசை மேல் அப்படியே கிடந்தது.

தோட்டக்காரர் தன் கையைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"என்ன அம்மணி?" என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

சொல்வதென்றால், நீங்கள் இடது கையை நீட்டியிருக்க வேண்டும் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். "கைங்க... ரம்பத்துக்கு மேல..." என்று ஏதோ உளறினேன். அவர் துண்டை எடுத்துத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டார். "செரி, நல்ல நேரம் தாண்டிருச்சு. இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாம்," என்று படியிறங்கினார். இரண்டு நாளில் முதலமடையில் வேறொரு ஷெட்டுக்குப் பெட்டியைச் சொல்லிவிட்டதாகச் செய்தி வந்தது. முதல் பலகை பாதியில் நின்ற இடத்தில் யார்தான் பெட்டி செய்யச் சொல்வார்கள்?

என் வீட்டுக்காரர் அடிக்கவில்லை, கெட்ட வார்த்தை பேசவில்லை. கேள்விதான் கேட்டார். அது அடியைவிட மோசம்.

"அவுரு கை ரம்பத்துக்கு எவ்வளவு தூரத்துல இருந்துச்சு? சொல்லு. ஒரு சாண் இருந்துச்சா இல்லையா?"

"தெரியலைங்க மாமா."

"நாலு விரக்கட தூரமாச்சும்?"

"தெரியலைங்க."

"தெரியாமத்தான் நிறுத்துனியா?"

உண்மையில் எனக்குத் தெரியவில்லை. கண்ணை மூடினால் ஒரு தடவை அவர் கை பல்லுக்கு மேலேயே இருக்கும், இன்னொரு தடவை எட்டாத தூரத்தில் இருக்கும். நான் ஒரு மனுஷர் கையைக் காப்பாற்றினேனா, அல்லது சும்மா இருந்த தொழிலைக் கெடுத்தேனா? கை போயிருந்தால் நான் சொன்னது நிஜமாகியிருக்கும். போகாத கைக்கு நான் எங்கிருந்து சாட்சி கொண்டுவருவது?

என்னை ஷெட்டுக்கு வர வேண்டாம் என்றார். கொழுந்தன் லாரியை விட்டுவிட்டுப் பின்னால் நின்றான். சின்னச் சின்ன வியாபாரிகளுக்குப் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. நான் சமையற்கட்டிலிருந்து மெஷின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். மரத்தில் கணு இருந்தால் சத்தம் சட்டென்று அமுங்கும். ஒவ்வொரு தடவையும் கையில் இருப்பதை வைத்துவிட்டு நிற்பேன். சத்தம் மறுபடி ஏறினால்தான் மூச்சு வரும். கொழுந்தனிடம் ஒரு நாள் சோறு போடும்போது, "தம்பி, பீச்சாங்கையில வாங்கிக்கோ," என்று கெஞ்சினேன். "அண்ணன் குடுக்கறத அப்படி வாங்குனா வெளங்குமா அண்ணி?" என்று சிரித்தான்.

அந்த நாட்களில் நான் ஒரு காரியம் செய்தேன். கோபத்தில் செய்தேனா, வெட்கத்தில் செய்தேனா என்று இன்றும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இந்தக் கையால்தானே எல்லாம் வந்தது என்று, இடது கையை முழுதாக நிறுத்திவிட முடிவு செய்தேன். வெங்காயத்தை வலது கையில் அரிந்தேன். விரலை அறுத்துக்கொண்டேன். மறுநாளும் அப்படியே அரிந்தேன். நூல் கோர்க்க அரை நாழி ஆனது, ஆனாலும் வலது கையில்தான் கோர்த்தேன். சித்திரை வருவதற்குள் அம்மா பத்து வருஷத்தில் முடிக்காததை நான் முடித்துவிட்டேன். என்னைப் பார்த்து எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது, கொஞ்சம் அருவருப்பாகவும் இருந்தது.

ஒரு மத்தியானம் கொழுந்தன் சாப்பிட உட்கார்ந்தபோது, அவன் முழுக்கைச் சட்டையின் வலது மணிக்கட்டுப் பட்டையில் பிறை மாதிரி ஒரு வெட்டு. பொத்தான் இல்லை.

"ரம்பம் கடிச்சுப்போட்டுது அண்ணி," என்று பெரிய வீரன் மாதிரி காட்டினான். "தோலுகூடக் கீறல."

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே அந்தப் பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பாதிச் சோற்றிலேயே எழுந்து கை கழுவினார்.

மறுநாள் காலையில் இருந்தே கரண்ட் இல்லை. கொழுந்தன் கொல்லங்கோட்டுக்கு ஆணி வாங்கப் போயிருந்தான். ஷெட்டிலிருந்து என்னைக் கூப்பிட்டார். போனபோது ஸ்விட்ச் அணைந்திருந்தது; போதாதென்று ரம்பத்தைச் சுற்ற வைக்கிற மோட்டார் பெல்ட்டையும் கழற்றிக் கீழே போட்டிருந்தார். என்னை முன்னால், அவர் இடத்தில் நிற்கச் சொன்னார். கையில் ஒரு பலகையைக் கொடுத்தார்.

"தள்ளு."

அவர் மெஷினுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு வலது கையை நீட்டினார். இடது கையால் முழங்கையைத் தொட்டுக்கொண்டார். தோட்டக்காரர் வளைந்த மாதிரியே வளைந்தார். நான் பலகையைத் தள்ளினேன். நிற்கிற ரம்பத்தின் ஓரமாக அது போய் அவர் விரலைத் தொட்டபோது, அவருடைய மணிக்கட்டு பல்லுக்கு நேர் மேலே இருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம்.

"இங்கதான் இருந்துச்சா அவுரு கை?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் எல்லாம் அதோடு முடிந்திருக்கும். "நெசமாவே தெரியலைங்க மாமா," என்றேன். "இருந்த மாதிரிதான் இருந்துச்சு."

அவர் நிமிர்ந்து, யாராவது பார்க்கிறார்களா என்று வாசலைப் பார்த்துவிட்டு, இடது கையை நீட்டினார். அந்தக் கைக்குப் பழக்கமில்லை. பலகை நழுவி மேசையில் விழுந்தது. மறுபடி எடுத்துத் தள்ளச் சொன்னார். நாலு தடவை வாங்கிப் பார்த்தார். பிறகு பெல்ட்டை மாட்ட ஆரம்பித்தார்.

அடுத்த நாள் காலையில் ஷெட்டில் பெட்டிக்கு ஆணி அடிக்கிற இரண்டு பேரும் கொழுந்தனும் இருக்கும்போதே என்னைக் கூப்பிட்டு என் பழைய இடத்தில் நிற்கச் சொன்னார். "இனிமே இங்க ஆரு வாங்குனாலும் பீச்சாங்கையிலதான் வாங்கோணும். வர்றவன் போறவன் என்ன வேணா நெனச்சுக்கட்டும்," என்றார் பொதுவாக எல்லோரையும் பார்த்து. ஆணி அடிப்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வளையலை ஏற்றித் துணி சுற்றினேன். முந்தானையைச் செருகினேன். அவர் ஸ்விட்சைப் போட்டார்.

சத்தம் ஏறியது. பலகை கிழிந்துகொண்டு என்னை நோக்கி வந்தது. நான் கையை நீட்டினேன்.

சத்தம் சட்டென்று இறங்கியது. என்ன ஆயிற்று என்று நிமிர்ந்து பார்த்தேன். அவர் ஒரு கையால் பலகையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஸ்விட்சை அணைத்திருந்தார். முகம் வெளுத்திருந்தது. அப்போதுதான் குனிந்து பார்த்தேன். நீண்டிருந்தது என் வலது கை. அடியில் ரம்பம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. அந்தக் கையைத்தான் நான் இரண்டு மாதமாக வளர்த்திருந்தேன்.

"பீச்சாங்கை புள்ள! பீச்சாங்கை! எத்தன தடவ சொல்றது உனக்கு?" என்று ஷெட்டே அதிரக் கத்தினார்.

என் ஆயுசில் இடது கையை நீட்டாததற்காக நான் வாங்கிய முதல் திட்டு அது. எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணை எந்தக் கையால் துடைப்பது என்று தெரியாமல், இரண்டு கையையும் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ரம்பம் நிற்கும் வரை அங்கேயே நின்றேன்.